வீட்டின் தூய்மையும் அண்டை வீட்டாரின் உரிமையும்

 



ஷஅபான் மாதம் பிறந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் வீடு கழுவும் வேலை தொடங்கிவிடும். பரண் மீதிருந்த பாத்திரங்கள் இறங்கும். பாய்களும் திரைச்சீலைகளும் மொட்டை மாடிக்கு ஏறும். நோன்பை வரவேற்கத் தயாராகும் இல்லங்களைக் காண மனம் மகிழ்கிறது. தூய்மையை விரும்புவோரை அல்லாஹ் நேசிப்பதாகத் திருமறை அறிவிக்கிறது (2:222). தூய்மைக்கு ஈமானில் சரிபாதி இடம் உண்டு என்ற நபிமொழி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. ஆகவே வீட்டைக் கழுவுவது நமக்கு வெறும் வேலை அன்று, வணக்கத்தின் வாசற்படி.

ஆயினும் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வீட்டைத் தூய்மையாக்கிவிட்டு வெளியேறும் அந்த நீர் எங்கே போகிறது? அதில் எதைக் கலந்து அனுப்புகிறோம்? அதற்காக மாதந்தோறும் எவ்வளவு பணம் செலவிடுகிறோம்?

ஒரு தவறும் ஒரு பாடமும்

இதைப் பற்றிப் பேச எனக்கே தகுதி உண்டா என்று தயங்கியதுண்டு. காரணம், சில ஆண்டுகளுக்கு முன் நானே செய்த ஒரு பிழை. சாத்தாங்காட்டுப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளிவாசலில் ரமளானுக்கு முன் கழிவறைகளைக் கழுவினோம். மோதினார் பிளீச்சிங் பவுடரைத் தூவி வைத்திருந்தார். உப்புக் கறை போகவில்லையே என்று நான் அதன் மேல் ஆசிட்டை ஊற்றினேன். நொடியில் புகை எழுந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த மோதினாரைத் தோளைப் பற்றி வெளியே இழுத்து வந்தோம். அல்லாஹ்வின் கிருபையால் பெரிய ஆபத்து நேரவில்லை. ஆனால் பல நாட்கள் அவரால் இருமலின்றி பாங்கு சொல்ல இயலவில்லை. ஒவ்வொரு வக்திலும் அந்த இருமலைக் கேட்கும்போது என் அறியாமையை நினைத்து நாணினேன்.

அன்று எழுந்த புகை குளோரின் வாயு. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் அது உண்டாகும். முதல் உலகப் போரின்போது, 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படைவீரர்கள் மீது ஏவப்பட்டதும் இதே வாயுதான். இது காற்றை விடக் கனமானது. எனவே தரையோடு தங்கும். உட்கார்ந்து தேய்ப்பவரையும் அருகில் தவழும் குழந்தையையும் முதலில் தாக்கும். போர்க்களத்தில் எதிரியைக் கொல்லப் பயன்பட்ட ஒன்றை, காற்றோட்டமில்லாத நான்கடிக் குளியலறையில் நாமே தயாரிக்கிறோம். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இறைக்கட்டளை அல்லவா (2:195)?

வாயு என்றால் என்ன என்பது வடசென்னை மக்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். தொழிற்சாலை செய்தால் முறையிடுகிறோம், முறையிடவும் வேண்டும். அதே வேளையில், நம் வீட்டுக் கதவுக்குள் நாம் செய்வதையும் கவனிக்க வேண்டும்.

மார்க்கம் கேட்கும் தூய்மை எது?

அன்பிற்குரியோரே! வீடு ‘பாக்’ ஆவதற்கு நுரையும் வாசனையும் நிபந்தனை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மார்க்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வானிலிருந்து இறங்கும் நீரைத் தூய்மைப்படுத்தும் நீர் என்றே குர்ஆன் அழைக்கிறது (25:48). கிராமவாசி ஒருவர் பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்டபோது, அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று தோழர்களைத் தடுத்த நபி (ஸல்) அவர்கள், அந்த இடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள் என்பதைப் புகாரியில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை நீக்க நீரே வேண்டும். ஹனஃபி மத்ஹபில் காடி போன்ற தூய்மையான திரவத்தாலும் நீக்கலாம்; வெயிலில் காய்ந்து அசுத்தத்தின் அடையாளம் மறைந்த தரையில் தொழவும் செய்யலாம். எந்த மத்ஹபிலும் பினாயில் நிபந்தனை அன்று. அசுத்தத்தின் பொருளை முதலில் துடைத்தெடுத்து, பிறகு நீர் ஊற்றினால் போதுமானது. பொருளை எடுக்காமல் பினாயிலை ஊற்றினால் வாசனை மாறும், நஜீஸ் பரவும்.

துணியில் பட்ட மாதவிடாய்க் கறை பற்றிக் கேட்ட பெண்மணிக்கு, அதைக் குச்சியால் சுரண்டி, நீரும் இலந்தை இலையும் கொண்டு கழுவுமாறு நபியவர்கள் கற்றுத் தந்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. கழுவிய பின்னும் நீங்காத நிறத்தால் குற்றமில்லை என்பதும் அதே நூலில் உள்ள வழிகாட்டல். மய்யித்தைக் குளிப்பாட்டவும் இலந்தை இலையையே அவர்கள் ஏவினார்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்துக்கு ஏழு முறை நீரும் அதில் ஒரு முறை மண்ணும் என்றார்கள். நீர், இலை, மண் ஆகிய இவை எல்லாம் ஏழையின் கைக்கு எட்டியவை. கழுவி ஊற்றினால் பூமிக்குத் தீங்கு செய்யாதவை.

செலவைப் பற்றியும் மார்க்கம் பேசுகிறது. விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் எச்சரிக்கிறது (17:27). உளூவுக்கு ஒரு ‘முத்து’, அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு நீரை நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்தியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற நம் பெண்களுக்கு அந்த அளவின் மதிப்பு புரிந்திருக்கும்.

நம் நீர் போகும் இடம்

நம் பகுதியின் அருகே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1806ஆம் ஆண்டளவில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்ட நீர்வழி இது. 1877-78 பஞ்சத்தின்போது, பசித்த கூலி மக்களின் உழைப்பால் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி தோண்டப்பட்டது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அந்த வழியில் இன்று சாக்கடை நீர் செல்கிறது. அது சென்று சேர்வது எண்ணூர் கழிமுகம். அங்கே இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவக் குடும்பங்கள் உள்ளன. 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் இக்கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்து, அவர்களின் பிழைப்பு முடங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அந்த எண்ணெயோடு ஒப்பிட்டால் நம் வீட்டுச் சோப்பு நீர் எம்மாத்திரம் என்று சிலர் கேட்கலாம். ஒரு வீட்டுக்கு அது அற்பமே. ஒரு நகரத்துக்கு அப்படி அன்று. 2019 டிசம்பரில் பட்டினப்பாக்கம் கடற்கரை நெடுகிலும் வெண்ணுரை திரண்டு நின்றது. குழந்தைகள் அதைப் பனி என்று எண்ணி விளையாடினார்கள். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலிருந்த சலவைத் தூளின் பாஸ்பேட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு இழப்பும் உண்டு. தொட்டியில் கழிவை மக்கச் செய்பவை நுண்ணுயிர்கள்; நாள்தோறும் பிளீச்சிங்கும் பினாயிலும் ஊற்றினால் அவை மடியும்; தொட்டி விரைவில் நிரம்பும்; லாரிக்குக் கூலியும் கூடும்.

தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபிவழியில் நிலைத்த அடிப்படை. கால்வாய்க் கரையில் வாழ்பவர் எந்தச் சமயத்தவராயினும் நம் அண்டை வீட்டாரே. அவர் வாழும் நீரில் நம் அழுக்கைச் சேர்த்துவிட்டு, நம் வீடு மட்டும் மணக்கிறது என்று நிம்மதி அடைவது எப்படித் தகும்?

குறைந்த செலவில் செய்யத் தக்கவை

இனி நடைமுறைக்கு வருவோம். அலமாரியில் தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று என்று நிற்கும் புட்டிகளை ஒரு நாள் வரிசையாக வைத்து, அவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். கீழே சொல்லப்படுபவை அவற்றில் பலவற்றின் வேலையைச் செய்யும்.

1. தூசி: தொழிற்சாலையும் கனரக லாரியும் மிகுந்த நம் பகுதியில் தரையில் கரிய தூசி படிகிறது. காய்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் அது எழும்பி மூச்சில் புகும். பழைய பருத்திக் கைலியைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, முதலில் சன்னல் விளிம்பையும் பிறகு தரையையும் துடையுங்கள். வெறும் நீரே போதும்.

2. உப்புக் கறை: நம் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. குழாயிலும் டைல்ஸிலும் படியும் வெள்ளைக் கறையைக் கண்டுதான் ஆசிட்டைத் தேடி ஓடுகிறோம். அதற்குப் பதிலாக, வெள்ளைக் காடியில் சம அளவு நீர் கலந்தோ, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்தோ துணியை நனைத்து, கறை மீது அரை மணி நேரம் சுற்றி வைத்து, பிறகு தேங்காய் நாரால் தேயுங்கள். பல ஆண்டுக் கறை ஒரே நாளில் போகாது. வாரம் ஒரு முறை செய்தால் கரைந்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: மார்பிள், மொசைக், கடப்பாக்கல் ஆகியவற்றில் புளிப்புள்ள எதையும் ஊற்றக் கூடாது. அவை சுண்ணாம்புச் சத்துள்ளவை. புளிப்பு பட்டால் அரித்து மங்கிவிடும். அவற்றுக்குச் சோப்பு நீரே ஏற்றது.

3. துணி: கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை, நுரைக்கவில்லை என்று மேலும் மேலும் தூளைக் கொட்டுகிறோம். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்பை வீணாக்குவதே இதன் காரணம். ஒரு வாளி நீரில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்தால் நீர் மென்மையாகும். பிறகு வழக்கமான தூளில் பாதி அளவைப் போட்டுப் பாருங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டாம். கையில் உறை அணிவது நல்லது. பட்டுக்குப் பூந்திக்கொட்டை உண்டு. விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊற வைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டினால் நல்ல நுரையுள்ள நீர் கிடைக்கும். மூன்று நான்கு நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். கண்ணில் படக் கூடாது.

4. பாத்திரம்: பிரியாணி தேக்சாவைக் கழுவும் முன் கொழுப்பைப் பழைய தாளால் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். கொழுப்பு சாக்கடையில் உறைந்தால் தெருவே அடைத்துக்கொள்ளும். விறகடுப்பில் சமைக்கும்போது எஞ்சும் சாம்பலைச் சலித்து வைத்தால், எவர்சில்வர் பாத்திரத்தின் எண்ணெய்ப் பசையை அது நன்றாக எடுக்கும். அலுமினியத்துக்குச் சாம்பலும் சோடாவும் ஆகா, கறுத்துப்போகும். செம்பு, பித்தளையின் வெளிப்புறத்துக்குப் புளியும் கல்லுப்பும் போதும். ஈயம் பூசிய உட்புறத்தைச் சுரண்டாதீர்கள். நோன்பு நாட்களில் சர்பத்துக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோலை எறியாமல் உப்பைத் தொட்டுத் தேய்த்தால், கழுவு தொட்டியின் வழுவழுப்பு போகும்.

5. நாற்றம்: சாம்பிராணி மணம் தரும், அழுக்கை நீக்காது. மூடிய அறையில் கரி நெருப்பின் புகை மூச்சுக்கும் கேடு. நாற்றத்தின் காரணத்தை அகற்றி, சன்னலைத் திறந்து, பாயையும் தலையணையையும் வெயிலில் இடுங்கள்.

6. நீர்த் தொட்டி: லாரி நீரைப் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒரு முறை காலியாக்கி, உட்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும். தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றினால் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கி, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும்.

7. மீள்பயன்பாடு: துணி அலசிய கடைசி நீரைக் கழிவறைக்கு ஊற்றலாம். நஜீஸ் பட்ட துணியை அலசிய நீராயின் தொழும் இடத்தைத் துடைக்க அதைப் பயன்படுத்த வேண்டாம்.

8. குர்பானி: இரத்தத்தையும் குடலையும் சாக்கடையில் தள்ளாமல், தனியே கட்டி மாநகராட்சி ஊழியரிடம் ஒப்படையுங்கள். தரையில் சாம்பலோ மணலோ தூவி அள்ளிய பின் நீர் ஊற்றினால், குறைந்த நீரிலேயே சுத்தமாகும்.

கவனிக்க வேண்டியவை

காடியும் சமையல் சோடாவும் கலந்தால் பொங்குகிறதே, அதில் சக்தி கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொங்கி முடிந்ததும் எஞ்சுவது ஏறத்தாழ உப்பு நீரே. இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துங்கள். இன்னும் முக்கியமானது: பிளீச்சிங்குடன் ஆசிட்டை மட்டுமல்ல, காடி, எலுமிச்சை உப்பு, அமோனியா உள்ள திரவம் எதையும் சேர்க்கக் கூடாது. இயற்கைப் பொருள்தானே என்ற எண்ணம் இங்கே உயிருக்கு ஆபத்தாகும். தவறி வாயு எழுந்தால், அதைக் கழுவித் தணிக்க முயலாமல் உடனே வெளியேறி நல்ல காற்றில் நில்லுங்கள்; மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிளீச்சிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வாந்தி பேதி கண்டால், வெள்ளம் வடிந்த பின் தொட்டியைக் கழுவும்போது, உறையில் எழுதிய அளவில் அதைப் பயன்படுத்துவது அவசியம். நோய்க்கு மருந்து போல் அதற்கு ஓர் இடம் உண்டு. அன்றாட உணவு போல் அதை ஆக்கிவிடக் கூடாது.

ஆசிட்டையும் பினாயிலையும் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். வாந்தி வந்தால் உணவுக் குழாய் இரண்டாம் முறையும் வெந்துபோகும்.

ஆண்களுக்கு ஒரு சொல்

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாருக்கான பணிகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியது புகாரியில் உள்ளது. பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் இறந்த செய்தி தமக்குத் தெரிவிக்கப்படாததற்காக வருந்தி, அவரது கப்ரைத் தேடிச் சென்று நபியவர்கள் தொழுததும் அந்நூலிலேயே உள்ளது. துடைப்பம் பிடித்த கையை அவர்கள் எத்தனை கண்ணியப்படுத்தினார்கள் என்பதைச் சிந்தியுங்கள். முழங்கால் வலியோடு குளியலறைத் தரையைத் தேய்ப்பது நம் தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறார். அந்த மூச்சுக்கு நாம் பொறுப்பாளிகள்.

எங்கள் பள்ளியில் இப்போது ஆசிட் வாங்குவதில்லை. காடியும் தேங்காய் நாரும் ஒரு வாளியில் இருக்கின்றன. வியாழக்கிழமை அஸருக்குப் பின் மோதினாரோடு நானும் தேய்க்கிறேன். ஆசிட்டைப் போல் அது உடனே பளிச்சிடுவதில்லை. சற்று நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் அவர் இருமுவதில்லை.

அல்லாஹ் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்குவானாக! அவன் அமானிதமாகத் தந்த நீரையும் நிலத்தையும் பாழாக்காமல், அண்டை அயலாருக்குத் தீங்கிழைக்காமல், வீண்விரயமின்றி வாழும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.